மாமியின் காது

1994ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒன்பதாம் திகதி, புதன்கிழமை, பிற்பகல் நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் தலைகீழாக நிறுத்தப்பட்ட ஒரு சைக்கிளின் மிதியை நான் கையால் சுற்றத் தொடங்கினேன். இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடிவதற்கு மாமியே காரணம். முப்பது வருடங்கள் ஆசுபத்திரியின் பிள்ளைகள் வாட்டில் தாதியாக இருந்தவர் அவர். மருந்து கொடுப்பதானாலும் மா அரிப்பதானாலும் நேரத்தைக் கேட்டு அறிந்த பின்னரே தொடங்குவார்.

"நேரம் என்ன?"

"நாலு பத்து, மாமி."

"சரி, சுத்து. இடையிலை நிப்பாட்டக் கூடாது."

சுற்றியது ஒரு கசெற்றைக் கேட்பதற்காக. போரினால் குடாநாட்டில் மின்சாரம் நின்று நான்கு வருடங்கள் ஆகப்போயிருந்தன. அரசாங்கத் தடையால் பற்றறியும் உள்ளே வருவதில்லை. ஆகவே செய்தி கேட்க விரும்பியவர்களும் பாட்டுக் கேட்க விரும்பியவர்களும் சைக்கிள் டைனமோவிலிருந்து வயர் இழுத்தார்கள். ஒருவர் சுற்ற, மற்றவர்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டில் சுற்றுகிறவள் நான், கேட்கிறவர் மாமி. சங்கிலியின் இரைச்சல் தன்னைக் குழப்பக்கூடாது என்று வயரை நீளமாக்கி, ரேப் றெக்கோடரை அறைக்குள் கொண்டுபோய், சாய்மனைக் கதிரையில் இருந்து அதை மடியில் வைத்துக்கொள்வார். விறாந்தையில் எனக்கு எட்டுவது இரைச்சல் மட்டுமே.

மாமி அப்பாவின் மூத்த சகோதரி, மணம் செய்யாதவர். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினொரு வயது, எனக்கு ஐந்து. அந்த வாரமே மானிப்பாயிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்திறங்கினார். பிறகு அந்தப் பெட்டி எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. அப்பாவை அவர் "தம்பி" என்று அழைக்கும் தொனியில், புகையிரத இலாகாவில் இருபத்தெட்டு வருடம் சேவை செய்த அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

மாமியிடம் ஒரேயொரு குணம் இருந்தது. மற்றவை எல்லாம் அதன் கிளைகள். அவர் எதையும் பார்க்கத் தேவையில்லை. கேட்டாலே தெரிந்துவிடும். தெரிந்த பின் அதை மாற்றமாட்டார்.

மதிலுக்கு அப்பால் ஒரு பிள்ளை இருமினால் சமைத்துக்கொண்டிருக்கும் கரண்டி அந்தரத்தில் நிற்கும். "உது குக்கல் இருமல். நாளைக்கு மூச்சை இழுக்கப் பாக்கும்." மறுநாள் அது இழுக்கும். ஒழுங்கையால் அழுதுகொண்டு போகும் கைக்குழந்தையைக் கேற்றடியில் மறித்து, "காதுக்குள்ளை குத்து, பிள்ளை. வயிறு எண்டு ஓமத்தண்ணி பருக்காதை" என்பார். ஒரு முறை பின்வீட்டுச் சிறுமி வயிற்றுவலியென்று முனகியபோது வேலியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, அவளின் தகப்பனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, சைக்கிளில் மானிப்பாய் ஆசுபத்திரிக்கு ஓடவைத்தார். அன்றே குடல்வாலை வெட்டி எடுத்தார்கள். "இன்னும் ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால்..." என்று அந்தத் தகப்பன் சொல்லத் தொடங்கும்போதெல்லாம், "முக்கால் மணித்தியாலம்" என்று மாமி திருத்துவார்.

அடிக்கடி சரியாக இருந்ததுதான் எங்களுடைய துன்பம். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்கிறவரின் மீதிப் பத்தோடு வாழ்வது எவ்வளவு கடினமென்று அயலாருக்குத் தெரியாது. எனக்கு இரத்தம் காணாது என்பது என் பன்னிரண்டாவது வயதில் அவர் கொடுத்த தீர்ப்பு. நான் வாசித்துக்கொண்டே இருந்தால் இரத்தம் காணாது. பேசாமல் இருந்தால் இரத்தம் காணாது. பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்ததும் இரத்தம் காணாததால்தான். ஆசுபத்திரியில் இரத்தம் சோதித்து, குறைவில்லை என்று எழுதிய துண்டைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினேன். "அவன் ஆரின்ரையோ போத்திலை மாறிப் பாத்துப்போட்டான்" என்று முருங்கையிலைச் சாற்றை நீட்டினார்.

விமானங்களையும் அவர் இருமலைப் போலவே கேட்டார். குண்டுவீச்சு விமானம் வரும்போது அயலெல்லாம் பங்கருக்குள் பாய, மாமி முற்றத்தில் நின்று தலையைச் சரித்துக் கேட்பார். "உது எங்களுக்கில்லை." அப்பாவும் நானும் உள்ளேயிருந்து கெஞ்சுவோம். "எங்களுக்கில்லை எண்டு சொல்லுறன், பேந்தும் என்ன அலறுறியள்?" ஒரு நாள் இரண்டு ஒழுங்கை தள்ளி விழுந்தது. எங்கள் யன்னல் கண்ணாடிகள் எல்லாம் சிதறின. தலையில் தூசியோடு அதே இடத்தில் நின்றுகொண்டு அவர் சொன்னார்: "பாத்தியோ? எங்களுக்கில்லை எண்டனே."



மாமி அக்காவைத் தூரத்திலிருந்து ஆளத் தொடங்கியது 1991இல். ஒரு வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போய், அங்கிருந்து நோர்வேயில் இருந்த அத்தானிடம் அக்கா சென்றாள். அந்நாட்டின் வடகோடியில் ஒரு சிறு பட்டினம். அத்தானுக்கு மீன் தொழிற்சாலையில் வேலை. மரக்கறி மட்டுமே உண்ணும் குடும்பத்தின் மாப்பிள்ளை நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் மீன் வெட்டுகிறார் என்பதை மாமி நோயாகக் கருதவில்லை, பிழைப்பென்று விட்டுவிட்டார். ஆனால் வருடத்தில் இரண்டு மாதம் அங்கே சூரியன் எழுவதில்லை என்று அக்கா எழுதிய அன்றிலிருந்து அந்தப் பட்டினம் மாமிக்கு ஒரு வாட்டாகிவிட்டது.

மாமியின் இரு கண்களிலும் அப்போது வெண்படலம் படர்ந்திருந்தது. கொழும்புக்குப் போனால் வெட்டி எடுக்கலாம். "கண் என்னத்துக்கு? காது கிடக்குத்தானே" என்று போக மறுத்துவிட்டார். ஆகவே கடிதங்களை அவர் சொல்ல நான் எழுதினேன். "நலம், நலமறிய ஆவல். இனி விசயத்துக்கு வருகிறேன்" என்பதே எப்போதும் முதல் வரி. பிறகு கட்டளைகள். பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் வைத்து முழுக வார். கம்பளிக்குள்ளே பருத்திச் சட்டை போடு. இரண்டாவது குழந்தை அங்கேயே பிறந்தபோது பத்தியம் பற்றி மட்டும் ஆறு பக்கம். முழுக்குக் கட்டளையை அக்கா பயபக்தியோடு நிறைவேற்றியதில் சீயாக்காய்த் தூள் குளியலறைக் குழாயை அடைத்தது. கீழ்மாடியில் குடியிருந்த கிழவி வீட்டில் தண்ணீர் இறங்கி, கட்டடக்காரன் வந்து குழாயைக் கழற்றி, வெளியே வந்த பச்சைக் களியை மணந்துபார்த்துவிட்டு அக்காவை ஒரு விதமாகப் பார்த்தானாம். மாமியின் பதில்: "அடைத்தது சீயாக்காய் அல்ல. குழாய் சிறிது. பெரிய குழாய் போடச் சொல்."

இன்னொரு முறை, அங்கே நேர்சரியில் கைக்குழந்தைகளைப் பகல் நித்திரைக்குத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே, பனிக்குள், விடுவார்கள் என்று அக்கா எழுதினாள். அது அந்நாட்டு வழக்கம், பிள்ளைகள் நன்றாகத் தூங்குகிறார்கள் என்றும் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தை நான் வாசித்து முடித்தபோது மாமி எழுந்து குசினிக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் போனார். பிறகு சொல்லத் தொடங்கினார். நான் எழுதினேன். மூன்று பக்கங்கள். அந்த நேர்சரி நடத்துகிறவர்களுக்கு அவர் கொடுத்த பெயர்களை இங்கே எழுத விருப்பமில்லை, அங்கே எழுதினேன். ஏனெனில் நான் அவருடைய சொல் எதையும் மாற்றுவதில்லை. "எண்டு" என்பதை "என்று" ஆக்குவேன். அதற்கு மேல் இல்லை. ஏடு பெயர்த்தெழுதியவர்கள் தங்கள் சொந்தச் சொற்களை நுழைத்ததால் நேர்ந்த கேடுகளைப் பற்றி அந்த வருடம் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். எழுதுகிறவளின் வேலை எழுதுவது. எழுதிய பின் முழுவதையும் அவருக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் அடியில் "மாமி" என்று தானே கையொப்பம் வைப்பார். அக்காவுக்கு அந்தக் கோணல் கையொப்பம் போதும். தாயில்லாமல் வளர்ந்தவள் அவள். அத்தான் சொல்வதற்கு மேல், அந்த நாட்டு வைத்தியர் சொல்வதற்கு மேல், மாமியின் சொல்.

கசெற்றைக் கொண்டுவந்தவர் புத்தூர்க்காரர் ஒருவர். வெங்காயச் செய்கை உள்ளவர். அவருடைய தம்பியும் அதே மீன் தொழிற்சாலையில் இருந்தார். கொழும்புக்குப் போயிருந்த இடத்தில் கைமாறி வந்த பொதியை வாங்கி வந்து, புதன்கிழமை மத்தியானம் கேற்றடியில் சைக்கிளை விட்டிறங்காமலே தந்தார். "நாளைக்கே திரும்பக் கிளாலியாலை போறன், தங்கச்சி. மகளின்ரை அலுவல். பதில் கிடந்தால் விடிய ஏழு மணிக்கு ஆயத்தமா வையுங்கோ. பேந்து எப்ப ஆர் போகினமோ தெரியாது." கிளாலி என்றால் இரவில் கடலேரியை வள்ளத்தில் கடப்பது. கடந்தவர்கள் எல்லோரும் கரை சேர்ந்ததில்லை.

அப்படித்தான் நான்கு பத்துக்குச் சுற்றத் தொடங்கினேன். முதற்பக்கம் அரை மணித்தியாலம். அக்காவின் குரலை, மாமியின் வாயில் 'கொக்கா'வின் குரலை, நான் கேட்கவில்லை. மாமி உள்ளேயிருந்து துண்டு துண்டாக எனக்கு அறிவித்தார்.

"ரெண்டு பேருக்கும் சுகமாம்... சின்னவன் நடக்கிறானாம். ஒண்டரை வயசிலையோ! நல்லெண்ணெய் காணாது... கொக்காவின்ரை குரல் களைச்சுக் கிடக்கு. சுத்து, சுத்து!"

பிறகு வெகுநேரம் அறிவிப்பு இல்லை. பக்கம் முடிந்து நான் உள்ளே போனபோது மாமி ரேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்ன செய்தியை அவர் திரும்பச் சொன்னார். மூத்தவளுக்கு இப்போது நான்கு வயது. நேர்சரிக்குப் போய் ஆறு மாதமாகியும் அங்கே ஒரு சொல் பேசவில்லை. யாரோடும் இல்லை. நேர்சரிக்காரர் பிள்ளையை வைத்தியருக்குக் காட்டச் சொல்கிறார்கள். பழகிவிடும் என்கிறார் அத்தான். அக்காவுக்கு நித்திரை இல்லை.

"மற்றப் பக்கத்திலை பிள்ளையைக் கதைக்கவிட்டுப் பிடிச்சிருக்கிறாளாம். நான் கேட்டுப்போட்டுச் சொல்லட்டாம். பிழையெண்டு நான் சொன்னால் ரெண்டையும் தூக்கிக்கொண்டு இஞ்சை வந்திடுவாளாம். அவர் இரவு வேலைக்குப் போட்டார், விடியத்தான் வருவார், அதுக்கிடையிலை கசெற்றைப் பெட்டியிலை போட வேணும், அவருக்குத் தெரியாது எண்டுறாள்."

"இஞ்சையோ? கிளாலியாலையோ, மாமி?"

"கேட்டுப்போட்டுச் சொல்லுறன். போய்ச் சுத்து."

நான் போய்ச் சுற்றினேன். என் வலது கை தோள்வரை கடுத்தது. இடது கைக்கு மாற்றினேன். இடது கை எனக்கு எப்போதும் மந்தம். மிதியின் ஒவ்வொரு சுற்றும் கிணற்றிலிருந்து ஒரு வாளி இழுப்பது போலிருந்தது. எட்டு நிமிடமோ ஒன்பது நிமிடமோ ஆனது. "காணும்!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

மாமி நிமிர்ந்து இருந்தார். வாட்டில் பெரிய வைத்தியர் வரும்போது அப்படித்தான் இருந்திருப்பார்.

"குரல் கட்டை. கதை மந்தம். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துச் சொல்லுது. இடையிடை முனகல். சூரியன் இல்லாத ஊர். கழுத்துச் சுரப்பி வேலை செய்யேல்லை, மோனை. கனக்கக் கண்டிருக்கிறன். விட்டால் பிள்ளை வளராது, மூளையும் மங்கிப்போகும்." விரலால் ரேப்பைத் தட்டினார். "அதுக்கை உவன் தகப்பன் வேறை. பக்கத்திலை நிண்டு 'சொல்லு, சொல்லு' எண்டு உறுக்கிறான். பயத்திலை பிள்ளை இன்னும் ஒடுங்குது. கடுதாசியை எடு."

மாலை ஆறு மணிக்குள் நான்கு பக்கங்கள் எழுதினேன். நோயின் பெயர், அறிகுறிகள், அந்நாட்டு வைத்தியர்களை நம்பக்கூடாததற்கான காரணங்கள், அத்தானுக்கு ஒரு முழுப் பக்கம். இறுதியில்: "உடனே இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டு வா. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்." இந்த வரியை எழுதும்போது பேனா நின்றது.

"என்ன நிப்பாட்டிறாய்?"

"ஒண்டுமில்லை, மாமி."

பேனாவை நிறுத்தியது அச்சம் மட்டுமல்ல. ஒரு கணக்கு ஒத்துவரவில்லை. அத்தான் இரவு வேலைக்குப் போய்விட்டார். அவருக்குத் தெரியாமலே கசெற் பதிவாகிறது. அப்படியானால் பக்கத்தில் நின்று உறுக்கும் ஆண்குரல் யாருடையது?

அப்பா தோட்டத்திலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றச் சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, மாமியின் மடியிலிருந்த ரேப்புக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். புகையிரத இலாகாவில் இருந்தவருக்கு ஒரே சீரான வேகம் இயல்பு. இரண்டாவது பக்கம் ஓடத் தொடங்கியது.

கதைத்தது ஒரு குருவி. "சித்தீ, இஞ்சை சூரியன் வந்திட்டுது தெரியுமே, நாங்கள் பணிஸ் சாப்பிட்டனாங்கள், உள்ளுக்கை சிவப்புப் பாணி, தம்பி முழுக்கப் பூசிப்போட்டான்..." மூச்சு விடாமல் போனது. இடையில் அக்கா சிரித்துக்கொண்டே, "சொல்லு, சொல்லு" என்றாள். அக்காதான். பிறகு மாமி முனகல் என்று குறித்த இடம் வந்தது. அது முனகல் அல்ல. பிள்ளை தன் பொம்மையை ஏசிக்கொண்டிருந்தாள், எனக்கு ஒரு சொல்லும் விளங்காத ஒரு மொழியில். அதில் நேர்சரி ரீச்சரின் குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே இருந்திருக்க வேண்டும். ஏசி முடித்ததும் அதே மொழியில் ஒரு தாலாட்டு. ஆறு மாதம் நேர்சரியில் வாய் திறக்காத பிள்ளை அங்கே பேசப்பட்ட முழுவதையும் கேட்டு வைத்திருந்தாள்.

சுரப்பி பழுதானது பிள்ளைக்கு அல்ல. என் இடது கைக்கு.

அப்பாவை நிறுத்திவிட்டு உள்ளே வரச் சொல்லி, மாமிக்கு என்னால் முடிந்த அளவு ஒழுங்காக விளக்கினேன். மெதுவாகச் சுற்றினால் மின்சாரம் குறையும். மின்சாரம் குறைந்தால் நாடா மெதுவாக ஓடும். அப்போது அக்காவின் குரல் ஆண்குரலாகும், பிள்ளையின் கதை இழுபடும்.

மாமி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ உந்த வேகத்திலை சுத்தினால் செத்தவனும் எழும்பிப் பாடுவான்."

அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அப்ப அந்த ஆம்பிளைக் குரல் ஆர், மாமி? அத்தான்தான் வீட்டிலை இல்லையே."

"கொக்காதான்."

"அதைத்தானே நானும் சொல்லுறன்!"

"அவளுக்குச் சளி. சளி பிடிச்சால் குரல் தடிக்கும். அதையும் கடிதத்திலை சேர். தூதுவளை அங்கை கிடையாது. மிளகு போடச் சொல்லு."

நான் குரலை உயர்த்திப் பேசுகிறவள் அல்ல. அன்று உயர்த்தினேன். "மாமி, அக்கா வந்திடுவா! நீங்கள் சொன்னால் நாளைக்கே வெளிக்கிடுவா. ரெண்டு பச்சைப் பிள்ளையளோடை, இருட்டிலை, அந்த வள்ளத்திலை. வந்து சேர்ந்தாலும் இஞ்சை என்ன கிடக்கு? பாலுக்கு மா இல்லை. மேலை குண்டு போடுற பொம்மர். நீங்கள் இப்ப கேட்டனீங்கள்தானே, பிள்ளைக்கு ஒண்டுமில்லை எண்டு உங்களுக்குத் தெரியும்!"

"வரட்டும்" என்றார் மாமி. மிகத் தாழ்வாகச் சொன்னார். "வந்தால் என்ரை கைக்குள்ளை வைச்சுப் பாப்பன்."

அவருடைய முகத்தை அப்போதுதான் பார்த்தேன். பிழை விட்ட தாதியின் முகம் அல்ல அது. அக்காவின் மகளைப் பிறந்த நாளிலிருந்து ஒரு வயதுவரை மடியில் கிடத்தி முழுக வார்த்தவரின் முகம். எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், எரிச்சல்தான் வந்தது. ஒரு மனிதர் தன் ஆசையைக்கூட நோயென்று பெயரிட்டுத்தான் சொல்ல வேண்டுமா?

"எழுதினது எழுதினதுதான். விடிய வாசிச்சுக் காட்டு, கையெழுத்து வைக்கிறன்" என்று அவர் கதிரையை விட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்தேன். குசினியில் குப்பி விளக்கை ஏற்றினேன். நான்கு பக்கங்களையும் ஒரு முறை வாசித்து மனத்தில் பதித்துக்கொண்டு, தேநீருக்கு மூட்டிய அடுப்பில் வைத்தேன். பிறகு புதிய தாளில் எழுதினேன்: "நலம், நலமறிய ஆவல். இனி விசயத்துக்கு வருகிறேன். பிள்ளையின் குரலைக் கேட்டேன். ஒரு நோயும் வருத்தமும் இல்லை. பொம்மைக்கு அந்தப் பாஷையில் ஏசுகிறவள் ஆட்களோடும் கதைப்பாள், நாள் எடுக்கும். அவசரப்படுத்தாதே, உறுக்காதே. நேர்சரியை மறிக்காதே. சனிக்கிழமை முழுக்கை விடாதே. சீயாக்காய்க்குப் பதில் பயற்றம் மா தேய்." ஏடு பெயர்த்தெழுதிய எவரும் இவ்வளவு துணிந்திருக்கமாட்டார். ஒவ்வொரு வாக்கியமும் மாமியின் வாக்கியமாக இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை என்ற ஒன்றைத் தவிர.

கடைசியில், புறப்பட்டு வா என்று அவர் சொல்லியிருந்த இடத்துக்கு வந்தபோது, அந்த இடத்தில் வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எழுதினேன்: "உன்னையும் பிள்ளைகளையும் காணாமல் என்னால் இருக்க முடியவில்லை." இது மாமியின் வாக்கியம் அல்ல. வாழ்நாளில் அவர் இப்படி ஒன்றைச் சொல்லமாட்டார். தெரிந்தும் விட்டுவைத்தேன்.

ஆறே முக்காலுக்கு மாமி சாய்மனைக் கதிரையில் வந்து இருந்தார். நான் புதிய தாள்களைக் கையில் பிடித்துக்கொண்டு, எரிந்துபோன கடிதத்தை நினைவிலிருந்து வாசித்தேன். கழுத்துச் சுரப்பி, அறிகுறிகள், வைத்தியர்கள், அத்தானுக்கான பக்கம். ஒரு சொல்லும் தவறவில்லை. கண்ணைத் தாளிலிருந்து எடுக்கவில்லை. "உடனே இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டு வா" என்று வந்தேன்.

"நிப்பாட்டு."

நிறுத்தினேன். மாமி யன்னல் பக்கம் தலையைச் சரித்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே ஒன்றும் கேட்கவில்லை.

"அதை வெட்டு."

"எதை, மாமி?"

"வரச்சொன்னதை. ரெண்டு குஞ்சுகளோடை உந்தக் கடலுக்குள்ளாலை..." கையால் வெட்டிக் காட்டினார். "வெட்டு, வெட்டு."

"அப்ப கழுத்துச் சுரப்பி?"

"அது கிடக்கட்டும். நான் சொன்னது சொன்னதுதான். அங்கையே காட்டட்டும்."

என் கையில் இருந்த தாளில் வெட்டுவதற்கு அப்படியொரு வரி இல்லை. ஆனால் மாமி பேனாவின் ஓசைக்காகக் காத்திருந்தார். அந்தக் காதை ஏமாற்ற முடியாது. அந்த இடத்தில் நின்ற, 'காணாமல் என்னால் இருக்க முடியவில்லை' என்ற வாக்கியத்தின் மேல் பேனாவை வைத்து இழுத்தேன்.

"வெட்டியாச்சோ?"

"ஓம், மாமி."

"வடிவா வெட்டினியோ? அவள் வாசிக்கக் கூடாது."

"ஓம், மாமி" என்றேன்.

தாளை அவர் மடியில் வைத்து, கையொப்பம் இட வேண்டிய இடத்துக்கு அவருடைய விரலைக் கொண்டுபோனேன். கோணலாக "மாமி" என்று எழுதினார். புத்தூர்க்காரரின் சைக்கிள் மணி ஒழுங்கையில் கேட்டது. நான் இழுத்தது ஒரே ஒரு மெல்லிய கோடு. அதற்குக் கீழே எல்லாச் சொற்களும் தெளிவாகத் தெரிந்தன. கடிதத்தை மடித்து உறையில் இட்டு, ஒட்டி, கேற்றடிக்குப் போய் அவரிடம் கொடுத்தேன்.